முடிச்சுப் போட்ட பச்சை வயர்

புத்தகங்களுக்கு அட்டை கட்டித் தரும் பெரியவருக்கு இரண்டு காதும் கேட்காது. தனிக்கட்டை. வாசலில் யார் மணியடித்தாலும் தெரியாது. வந்தவர்கள் அடித்து அடித்து விரல் வலித்து, "மனுஷனுக்கு என்ன திமிர் பாரு" என்று முனகிக்கொண்டே திரும்பிப் போவார்கள். ஒருநாள் அவர் வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்க்க ஒரு வயர்மேன் வந்தார். விசிறி சுற்றத் தொடங்கிய பிறகும் ஆள் கிளம்பவில்லை. வாசல் மணியிலிருந்து ஒரு வயரைச் சுவரோரமாக இழுத்து, பெரியவர் குனிந்து வேலை செய்யும் மேசைக்கு நேர் எதிரே ஒரு சிவப்பு பல்பை மாட்டினார். பிறகு வாசலுக்குப் போய் மணியை அழுத்தினார். பசை தடவிக்கொண்டிருந்த பெரியவரின் கைமேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தார். வாசலில் வயர்மேன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அதைப் பற்றி வயர்மேன் வெளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு வருடம் கழித்து, பள்ளிக்கூடத்துக்கு வருகைப் பதிவேடுகளைச் சுமந்து வந்த பெரியவர், அங்கே மணியடிக்கும் அம்மாவிடம் பாதி சைகையும் பாதி கரகரத்த குரலுமாகச் சொன்னார். அந்த அம்மாதான் வயர்மேனின் மனைவி. அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் பல்பு மாட்டுறீங்க. நம்ம சமையற்கட்டு மூணு மாசமா இருட்டுல கிடக்கு."

"நீ நிக்கிற இடத்துல பல்பு எதுக்கும்மா?"

அவள் கரண்டியைத் தூக்கினாள். அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

அவரை எல்லோரும் பச்சை என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவர்கள் பச்சை என்பார்கள், சின்னவர்கள் பச்சை மாமா என்பார்கள். எந்த வீட்டில் வேலைக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே, "பச்சை வந்திருக்கா?" என்று கேட்பார். எர்த் வயரின் நிறம் பச்சை. அது இல்லாத வீட்டில் ஒரு ஸ்விட்சைக்கூடத் தொட மாட்டார். "கரண்டு வர ஒரு வயர், திரும்பிப் போக ஒரு வயர். இது ரெண்டும் வேலைக்காரங்க. பச்சை வேலையே செய்யாது. சும்மா உட்கார்ந்திருக்கும். என்னைக்காவது ஒருநாள் கரண்டு வழி தவறி இரும்புல ஏறிடுச்சுன்னா, அதைக் கையைப் பிடிச்சு மெயின் போர்டுக்குக் கூட்டிட்டுப் போய், பிரேக்கரை விழவச்சு கரண்டை நிறுத்திடும். அந்த ஒருநாளுக்காகத்தான் இழுக்கிறோம்" என்பார். ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கேட்டவர்கள் கொட்டாவி விடுவார்கள். அவர் விடமாட்டார்.

குட்டையான ஆள். எப்போதும் மேலே பார்த்து வேலை செய்ததால் கழுத்தில் ஒரு பிடிப்பு. யாரையும் சாய்ந்துதான் பார்ப்பார். போர்டைத் திறக்குமுன் கண்ணை மூடி, "கடவுளே, என் கையைப் பார்த்துக்கோ. நாளைக்கு இதைத் தொடப்போறவங்க கையையும் பார்த்துக்கோ" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அந்த இரண்டாவது வரியை மனைவி தன் பிரார்த்தனையிலும் சேர்த்துக்கொண்டாள். தெருவில் அவளை மணிக்காரம்மா என்பார்கள்.

மணிக்காரம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். "இவனையும் உங்க கூட வேலைக்குச் சேர்த்துக்குங்க" என்று அவள் கேட்டதும், பச்சை மறுபேச்சுப் பேசவில்லை. பையன் கெட்டிக்காரன். கையும் காலும் பரபரவென்று இருக்கும். எந்த வேலையையும் நடுவில் நிற்காமல் ஓட்டிவிடுவான். அதனால் அவனுக்கு ரயில் என்று பெயர் வந்தது. "ரயிலுன்னா சரி, ஸ்டேஷன்லயாவது நிக்கணும்ல" என்று பச்சை கிண்டல் செய்வார். "நின்னா லேட்டாகும் அத்தான்" என்பான் அவன்.

இரண்டு பேரும் சேர்ந்து இருபது வருடம் வேலை செய்தார்கள். ரயில் குழி தோண்டி, பைப் புதைத்து, வயர் இழுப்பான். பச்சை போர்டு மாட்டிச் சோதித்துக் கையெழுத்துப் போடுவார். லைசென்ஸ் அவர் பெயரில்.

முதல் வருடம் ஒரு சண்டை வந்தது. ரயில் இழுத்த வயரையெல்லாம் பச்சை மறுபடியும் பிரித்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து பார்ப்பார். ரயிலுக்குப் பொறுக்கவில்லை. "என்னை நம்பலைன்னா வேற ஆளைப் பாருங்க அத்தான். நான் என்ன திருடனா?" என்று அக்கா முன்னால் கண் கலங்கிவிட்டான். அவனே ஒரு வழியும் சொன்னான். பச்சை வயரை முனைக்கு முனை தன் கையால் இழுத்தவன், இரண்டு முனையிலும் ஒரு சின்ன முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இருந்தால், இது வீடு வரைக்கும் போயிருக்கிறது என்று சத்தியம் செய்ததாக அர்த்தம். முடிச்சைப் பார்த்தவன் பிரித்துப் பார்க்கக்கூடாது. முடிச்சை நறுக்கிவிட்டுப் போர்டில் முறுக்கிவிட வேண்டியதுதான்.

"சத்தியம்னா சத்தியம்டா" என்றார் பச்சை.

"சத்தியம் அத்தான்."

அன்றிலிருந்து அதுதான் அவர்கள் வழக்கம். கடைகள், வீடுகள், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, எத்தனையோ. ஒரு முடிச்சும் பொய்த்ததில்லை. ஒருவர் வேலையை இன்னொருவர் பிரிப்பதில்லை என்பதில் மணிக்காரம்மாவுக்கு உள்ளூரப் பெருமை. புருஷனும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் நம்பிச் சாப்பிடுகிற வீடு என்று நினைத்துக்கொள்வாள். நல்ல விஷயத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமே என்று அதையும் தினம் கடவுளிடம் சொல்வாள்.

இப்படி இருக்கும்போது லாண்டரிக்கார அம்மாவின் வேலை வந்தது. அந்த அம்மா வீட்டுக்குப் பின்னால், முற்றம் தாண்டி நாற்பதடி தள்ளி, தனியாக ஒரு கொட்டகை கட்டியிருந்தாள். இரண்டு பெரிய துவைக்கும் இயந்திரம், ஒரு பிழியும் இயந்திரம், இஸ்திரி மேசை. எல்லாம் இரும்பு, தரையெல்லாம் ஈரம். வீட்டு மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்கு மண்ணுக்கடியில் வயர் கொண்டுபோய், அங்கே ஒரு சின்ன போர்டு மாட்ட வேண்டும்.

வேலை ஆரம்பிக்கும் முன் பச்சை அந்த அம்மாவை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். மணிக்காரம்மா அன்று பள்ளிக்கூடம் விட்டுச் சாவி கொடுக்கப் போனவள், அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பாருங்கம்மா. உங்க வீட்டு மெயின்ல, கரண்டு திரும்பிப் போற நியூட்ரலும் பச்சையும் ஒரே இடத்துல சேர்ந்திருக்கு. அது சரி. ஆனா கொட்டகைப் போர்டுல அது ரெண்டும் சேரவே கூடாது. தனித்தனியா வீட்டுக்கு நடந்து போகணும்."

"ஏன், மாமியார் மருமகளா?"

"அதைவிட மோசம். அங்க சேர்த்துவச்சா, திரும்பிப் போற கரண்டு உங்க இயந்திரத்து உடம்பெல்லாம் சுத்திப் பார்த்துட்டுத்தான் போகும். நியூட்ரல் அறுந்துச்சுன்னா கேட்கவே வேணாம்."

"கொட்டகைக்குப் பக்கத்துலயே கம்பி அடிக்கப் போறீங்களே, அது போதாதா?"

"கம்பியும் வேணும். ஆனா மண்ணுல அடிக்கிற கம்பி இடி மின்னலுக்கு. வீடு வரைக்கும் போற பச்சைதான் மனுஷனுக்கு. மண்ணை மட்டும் நம்பினா பிரேக்கர் விழாது."

லாண்டரிக்கார அம்மா கும்பிட்டாள். "சாமி, நீங்க பச்சையோ மஞ்சளோ எதையோ இழுங்க. நான் ஈரக் கையோட நிக்கிறவ. எனக்குத் தொட்டா ஒண்ணும் ஆகக்கூடாது."

"ஆகாதும்மா. நான் பொறுப்பு."

ரயில் அப்போது கடப்பாரையோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். "அத்தான், பிரசங்கம் முடிஞ்சா சொல்லுங்க. குழி தானா தோண்டிக்காது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு நாளில் அவன் பைப் புதைத்து மூடிவிட்டான். கம்பியையும் அடித்தான். போர்டையும் சுவரில் மாட்டிவிட்டான். மூன்றாம் நாள் காலையில் பல் வலி என்று வேலைக்கு வரவில்லை. பச்சை தனியாகப் போனார். கடையிலிருந்து வரும் போர்டில் நியூட்ரல் பட்டையையும் எர்த் பட்டையையும் சேர்த்து ஒரு தகடு இருக்கும். அதைக் கழற்றி எடுத்தார். பைப்பிலிருந்து வந்த மூன்று வயரையும் பார்த்தார். பச்சையின் முனையில் முடிச்சு. வீட்டு மெயினில் போய்ப் பார்த்தார், அங்கேயும் முடிச்சு. நறுக்கினார், முறுக்கினார். கரண்டு வயருக்கும் பச்சைக்கும் நடுவில் டெஸ்ட் லாம்பை வைத்தார், பளிச்சென்று எரிந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் மைத்துனனுக்காகக் கிராம்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

ஐந்து மாதம் ஓடியது. வேறு சில்லறை வேலை இருக்கிறது என்று ரயில் வருவது மெல்லக் குறைந்தது. நடுவில் ஒரு மழைக்காலமும் வந்து போனது.

ஒருநாள் காலை, மணிக்காரம்மா இரண்டாம் பாடவேளைக்கு மணியடித்துவிட்டுக் கட்டையைக் கீழே வைக்கிறாள், கேட்டருகே லாண்டரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி தலைவிரிகோலமாக நிற்கிறாள். "மணிக்காரம்மா, உங்க வீட்டுக்காரர் போட்ட போர்டு அந்தம்மாவைத் தூக்கி அடிச்சிடுச்சு!"

கொட்டகையில் விளக்கு திடீரென்று மங்கியிருக்கிறது. இயந்திரம் முனகியிருக்கிறது. என்னவென்று பார்க்க லாண்டரிக்கார அம்மா மூடியில் ஈரக்கையை வைத்திருக்கிறாள். காலில் ரப்பர் செருப்பு இருந்தது கடவுள் புண்ணியம். தூக்கி எறிந்ததில் இஸ்திரி மேசைமேல் விழுந்து வலது கை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது. பிரேக்கர் மட்டும் விழவே இல்லை.

மறுநாள் மின்சார இலாகாப் பரிசோதகர் வந்தார். பச்சை, ரயில், மணிக்காரம்மா மூவரும் போனார்கள். லாண்டரிக்கார அம்மா கையில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பச்சையைப் பார்த்ததும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க சொன்னதை நம்பித்தானே தொட்டேன்" என்றாள். "இல்லைன்னா ஒரு குச்சியால தொட்டிருப்பேன்."

பச்சை தலை குனிந்தார். பரிசோதகர் மெயினை அணைத்துவிட்டு, "எர்த் எங்க?" என்றார்.

"இதோ சார். முனைக்கு முனை இழுத்தது. பாருங்க" என்று பச்சை பட்டையிலிருந்து பச்சை வயரைக் கழற்றி, பைப் வாயருகே பிடித்து லேசாக இழுத்துக் காட்டினார். நாற்பதடி வயர் அசையாது, அதைக் காட்டத்தான் இழுத்தார்.

வயர் கையோடு வந்துவிட்டது.

ஒரு முழம் இருக்கும். அவ்வளவுதான். மறுமுனை வெட்டின வாக்கில் பளபளவென்று இருந்தது. மணிக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிடிப்புள்ள அந்தக் கழுத்து மெதுவாகத் திரும்பித் தன் தம்பியைப் பார்த்ததையும் பார்த்தாள். தம்பி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரிசோதகர் வீட்டு மெயினில் இழுத்தார். அங்கேயும் ஒரு முழம் வந்தது. பிறகு கொட்டகைப் போர்டின் பின்தகட்டைத் திருகிக் கழற்றினார். உள்ளே, நியூட்ரல் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்னக் கறுப்பு வயர் துண்டு.

"பச்சைக்குப் போன கரண்டு இது வழியா நியூட்ரல்ல ஏறித் திரும்பியிருக்கு. இதனாலதான் உங்க டெஸ்ட் லாம்ப் எரிஞ்சிருக்கு. நியூட்ரல் உள்ள எங்கயோ அத்துப்போச்சு, மொத்தமும் இயந்திரத்து உடம்புல வந்து நின்னுடுச்சு" என்றார் பரிசோதகர். "யார் செஞ்சது இது?"



ரயில்தான் முதலில் பேசினான். "நான் குழி தோண்டினேன் சார், பைப் போட்டேன். போர்டு வேலையெல்லாம் எப்பவும் அத்தான்தான். கையெழுத்தும் அவருதுதான்."

மணிக்காரம்மா தம்பியின் கையைப் பிடித்தாள். அவன் மெல்ல விடுவித்துக்கொண்டான்.

பரிசோதகர் நல்ல மனிதர். பச்சையை வெகு காலமாகத் தெரியும். "ஒன்பது நாள் தர்றேன். செஞ்சவங்க யாருன்னு எழுத்துல வரணும். செஞ்சவர் அவரே எழுதிக் கொடுத்தா, உங்களுக்கு எச்சரிக்கையோட போகும். இல்லைன்னா கையெழுத்துப் போட்டவர் லைசென்ஸ்தான் போகும். அப்புறம் நீங்க ஒரு பல்பு ஹோல்டரைக்கூட மாட்ட முடியாது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பச்சை அந்தக் கறுப்புத் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். வாசலில் நின்று மனைவியிடம் காட்டினார்.

"பச்சையை இழுக்காதது சோம்பேறித்தனம்னு விட்டுடலாம். அவசரம்னு விட்டுடலாம். ஆனா இந்தத் துண்டு இருக்கே, இது எனக்காகப் போட்டதும்மா. நான் லாம்பு வச்சுப் பார்ப்பேன்னு தெரிஞ்சு, என்னை ஏமாத்தன்னே உட்கார்ந்து போட்டிருக்கான்."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் பேசாவிட்டால் என்ன, அவள் பேசினாள். இரண்டாம் நாள் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் இஸ்திரி போட்ட புதுச் சட்டையில் இருந்தான். சட்டைப் பையில் ஒரு பெரிய கட்டட நிறுவனத்தின் அடையாள அட்டை.

"என்னடா இது?"

"மேற்பார்வை வேலை அக்கா. அஞ்சு மாசமா நடக்குது."

அஞ்சு மாதம். மணிக்காரம்மா விரல்விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. "அன்னைக்குப் பல் வலின்னியே."

அவன் அடையாள அட்டையைப் பைக்குள் தள்ளினான்.

"உங்க அத்தான் கிராம்பு வாங்கிட்டு வந்தாரே!"

"அக்கா, அன்னைக்கு நேர்காணலுக்குப் போகணும். முந்தின நாள் வளைவுல பைப் கல்லுல நசுங்கிடுச்சு, தெரியாம மண்ணைத் தள்ளிட்டேன். ரெண்டு வயருதான் நுழைஞ்சுது. மறுபடி தோண்டினா ஒருநாள் போயிடும். பிறகு வந்து சரிபண்ணிடலாம்னுதான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்."

"அஞ்சு மாசமாவா நினைச்சே?"

"மறந்துட்டேன்."

"மறக்கிறவன் தகட்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பானாடா?"

அவன் முகம் இறுகியது. "இப்ப நான் எழுதிக் கொடுத்தா இந்த வேலை போயிடும். அத்தானுக்கு வயசாச்சு, கழுத்து வலி, இன்னும் ரெண்டு வருஷத்துல விடத்தான் போறார். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நீயே சொல்லு, யாரு விட்டா நல்லது?"

"நான் எழுதிக் கொடுக்கிறேன்."

"எழுது. கூடப் பிறந்தவளே மாட்டிவிட்டான்னு ஊர் சொல்லட்டும்."

அவள் வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்து, தன் கோணல் எழுத்தில் தம்பியின் பெயரை எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். மூன்று வயதில் அவன் இடுப்பில் உட்கார்ந்து அவள் பின்னலைப் பிடித்து இழுப்பானே, அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. தாளை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். கொடுக்கவில்லை. அன்றைக்குப் பிரார்த்தனையில் அவளுக்கு வாய் வரவில்லை. யாரைப் பார்த்துக்கொள் என்று கேட்பது?

பச்சை அந்த ஒன்பது நாளும் சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் கையில் இருக்கும்வரை அந்தக் கொட்டகை தன் பொறுப்பு என்று, கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் முற்றத்தைத் தோண்டினார். இருபது வருடமாகக் குழி தோண்டாத கை, இரண்டாம் நாளே கொப்பளித்துவிட்டது. வளைவில் பைப்பைக் கண்டுபிடித்தார். ஒரு கல்லின் கீழ் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. உள்ளே மழைத்தண்ணீர். உரசலில் நியூட்ரலின் தோல் கிழிந்து, செம்பு அரித்து இற்றுப்போயிருந்தது. லாண்டரிக்கார அம்மா ஜன்னலில் நின்று பார்ப்பாள். தேநீர் அனுப்புவாள், வெளியே வரமாட்டாள்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும், "யாராவது வந்தாங்களா?" என்று கேட்பார்.

"யார் வரணும்?" என்பாள் அவள், தெரியாதவள்போல.

"சும்மா கேட்டேன்."

எட்டாம் நாள் பள்ளிக்கூடம் விடுமுறை. வயர் இழுக்க ஆள் இல்லை. மணிக்காரம்மாவே போனாள். வீட்டு முனையில் அவள் வயரை ஊட்ட, கொட்டகை முனையில் அவர் இழுத்தார். புதுப் பைப்புக்குள் மூன்று வயரும் சரசரவென்று ஓடின.

"வருதா?" என்று கத்துவாள்.

"வருது, விடு!"

"இப்ப?"

"உன் குரலே முன்னாடி வந்துடுச்சு. வயரும் வருது."

எட்டு நாளில் முதல் தடவையாக அவர் வேடிக்கையாகப் பேசினார். பச்சை வயர் முனைக்கு முனை வந்ததும் அவர் முடிச்சுப் போடவில்லை. வீட்டு முனையைக் கழற்றிவைத்து, நடந்து வந்து, வயர் அறாமல் வருகிறதா என்று காட்டும் கருவியை வைத்துப் பார்த்தார். மறுபடி அந்த முனைக்கு நடந்தார். மூன்று தடவை நடந்தார். கறுப்புத் துண்டு இல்லாத போர்டில் இரண்டு பட்டையையும் தனித்தனியாக முறுக்கினார். பிறகு வேண்டுமென்றே எர்த்தைக் கரண்டு வயரோடு ஒரு நொடி சேர்த்துவைத்தார். டப்பென்று பிரேக்கர் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

லாண்டரிக்கார அம்மாவைக் கூப்பிட்டார். அவள் வாசற்படியிலேயே நின்றாள். பச்சை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் முக்கி, செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார். கொப்பளம் உடைந்த கைகள். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"போதும், எடுங்க" என்றாள் அந்த அம்மா. ஆனால் தான் தொடவில்லை. அதற்கு அவளுக்கு இன்னும் எத்தனையோ மாதம் ஆனது.

ஒன்பதாம் நாள் பரிசோதகர் அலுவலகத்தில், மணிக்காரம்மாவும் பக்கத்தில் இருந்தாள். ரயில் வரவில்லை. கடிதமும் வரவில்லை. பச்சை தானே ஒரு தாளை நீட்டினார். அதில் இரண்டே வரி. சோதித்தவன் நான். முடிச்சைப் பார்த்தேன், வயரைப் பார்க்கவில்லை.

பரிசோதகர் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "முடிச்சு என்னன்னு எனக்குப் புரியலை. ஆனா இதை யார் செஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பேரைச் சொல்லுங்க, உங்களை விட்டுடலாம்."

"கையெழுத்து என்னுது சார். ஒரு முனையில பிடிச்சு, மறுமுனையில பார்த்திருக்கணும். பார்க்காதது நான்தான்."

"இது பிடிவாதம்."

"இருபது வருஷம் பார்க்கலை சார். அப்ப அதுக்கு நம்பிக்கைன்னு பேரு வச்சிருந்தேன்."

லைசென்ஸ் அட்டையை மேசைமேல் வைத்தார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மணிக்காரம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ஏன் சொல்லலை? என் முகத்துக்காகவா?"

"இல்லை. அவனே வருவான்னு கடைசி நிமிஷம் வரைக்கும் கதவையே பார்த்துட்டு இருந்தேன். வராதவனைப் பத்திச் சொல்ல எனக்கு என்ன இருக்கு?"

அதன்பிறகு அவர் ஏழு வருடம் இருந்தார். ஹார்டுவேர் கடை ஒன்றில் ஸ்விட்சும் ஆணியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. வயர் வாங்க வருகிறவர்களிடம் பழக்கதோஷத்தில் கேட்பார், "பச்சை எத்தனை அடி?" என்று. பெயரும் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் சிலர் அந்தப் பெயரைக் கேலியாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள். காதில் விழாததுபோல ஆணியை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அட்டை கட்டும் பெரியவர் மட்டும் வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். இரண்டு பேருக்கும் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பச்சை போனபோது ரயிலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எங்கோ தொலைவில் ஒரு கட்டட வேலையில் இருப்பதாகப் பதில் வந்தது. அவன் வரவில்லை.

பச்சையும் ரயிலும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது, லைசென்ஸ் போன அடுத்த மாதம். அந்த நிறுவனம் ரயிலை வேறு ஊருக்கு மாற்றியது. குடும்பம் இங்கேயே அவன் புது வீட்டில் இருக்க, அவன் மட்டும் கிளம்பினான். போகிற அன்று மத்தியானம் வாசலில் வந்து நின்றான். அக்காவைப் பார்க்க வந்தானா, மன்னிப்புக் கேட்க வந்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது.

"என் டிரில்லிங் மிஷின் இங்க இருக்கு அக்கா" என்றான்.

மணிக்காரம்மா அசையவில்லை. பச்சைதான் எழுந்துபோய் எடுத்துவந்தார். தூசியைத் துணியால் துடைத்து, வயரை ஒழுங்காகச் சுற்றி அவன் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டும் அவன் போகவில்லை. நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா?" என்றாள் மணிக்காரம்மா. "சொல்றதுன்னா சொல்லு."

"இல்லை... எங்க வீட்டுப் பின்னாடி தனியா மோட்டார் ரூம் இருக்கில்ல. அதுக்கு லைன் இழுத்தது அத்தான். எங்க வீட்டுல பயப்படுறா. இந்தக் கோபத்துல எதையாவது கழட்டிவிட்டிருப்பாரோன்னு... யாரையாவது வச்சு ஒரு தடவை பார்த்துடலாமான்னு கேக்கிறா."

மணிக்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. சொல்லக்கூடாத வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. புருஷனைப் பார்த்தாள். அவர் கழுத்தைச் சாய்த்து, எப்போதும் பார்க்கிறதுபோல மைத்துனனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் வேலை இடத்தில் பேசுகிற குரலாக இருந்தது.

"அது நான் இழுத்ததுடா. முனைக்கு முனை. பிள்ளைங்க ஈரக் கையோட தொடட்டும், ஒண்ணும் ஆகாது. போயிட்டு வா."